புறாக்களையும் சந்தேகித்தவள்

அராசெலியிடம் போய் "இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், "எதுக்குச் சொல்றே?" என்று கேட்பாள். எங்கள் ஊரில் வீடு என்றால் குன்றின் மண்ணைக் குடைந்த குகைதான்; முப்பது வருடம் அவளுக்கு அடுத்த குகையில் குடியிருந்தவள் நான். என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுக்கையறை. அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் குன்றில் கிடையாது. அவளிடம் என் அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் கிடையாது.

சுண்ணாம்புக்காரன் வந்தால் அவன் மூட்டையிலிருந்து தானே ஒரு கட்டியைப் பொறுக்கி, தண்ணீரில் போட்டு, அது கொதிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாங்குவாள். பாதிரியார் பிரசங்கத்தில் கஞ்சத்தனத்தைப் பற்றிப் பேசினால், யார் போய் அவரிடம் தன்னைப் பற்றி வத்தி வைத்தது என்று ஒரு வாரம் விசாரிப்பாள். மகன் பார்சலோனாவிலிருந்து போன் பண்ணி நலம் விசாரித்தால், ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அவன் குரல்ல ஏதோ இருக்கு, விசி. எதையோ மறைக்கிறான்" என்பாள். அவன் மறைத்தது ஒன்றுமில்லை. பாவம், சளி பிடித்திருந்தது.

எங்கள் குன்றில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிள்ளை பிறந்தால் தொட்டில் வாங்குவதற்கு முன்னால் ஓர் அறை குடைவோம். மண்ணுக்குள் வேலி போட முடியாது. யார் வீடு எதுவரை என்று யாரும் அளந்து கொடுத்ததில்லை. அதனால் குடையத் தொடங்கும் முன் கடப்பாரையின் மொட்டை முனையால் சுவரில் தட்டுவோம். அடுத்த வீட்டார் அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குத் தட்ட வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் நடுவில் மண் நிறைய இருக்கிறது, தாராளமாகக் குடையலாம். கணீரென்று வந்தால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

எனக்கு மூன்றாவது பிறந்தபோது என் புருஷன் ஹினேஸ் தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான், இல்லை. அராசெலி உள்ளேதான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள், வாசனை எங்கள் வாசல்வரை வந்தது. நான் எழுந்து போனேன்.

"ஏன்டி பதிலுக்குத் தட்ட மாட்டேங்கிறே?"

"தட்டினா என் சுவர் எவ்வளவு தடிமன்னு உன் புருஷனுக்குத் தெரிஞ்சுபோகும்."

"அது தெரியத்தானேடி தட்டுறதே."

"அதான் தட்டலை."

அந்த அறையை நாங்கள் குடையவே இல்லை. என் மூன்றாவது மகன் சமையற்கட்டிலேயே தூங்கி வளர்ந்தான். அவனுக்கு இப்போதும் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால் கொட்டாவி வருகிறது.

இப்படி ஆனதற்கு அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அவர்கள் குகையில் ஈரம் இறங்கியது. பக்கத்துக்காரர் ஒருவர், மழை நிற்கும்வரை தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லி அன்பாக அழைத்தார். போனார்கள். மழை நின்று திரும்பி வந்து பார்த்தால், இவர்கள் வாசலில் வேறொருவன் திரை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்குப் பத்திரம் ஏது? யார் திரை தொங்குகிறதோ அவன் வீடு. அழைத்தவரின் மைத்துனன்தான் திரை போட்டவன். அதன் பிறகு அவள் அப்பா குன்றின் இந்தப் பக்கத்தில் புதிதாகக் குடைந்ததுதான் அராசெலியின் குகை. ஆள் இல்லாமல் அதை ஒரு மணி நேரம்கூட விட மாட்டாள். அவளும் எலோயும் சேர்ந்தாற்போல் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஒருவர் விருந்து சாப்பிட்டு வந்த பிறகுதான் மற்றவர் கிளம்புவார்.

எலோய் அவள் புருஷன். இரும்புச் சுரங்கத்தில் வேலை. மெலிந்த, அமைதியான ஆள். வாய் திறந்து நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கும். பகலெல்லாம் மண்ணுக்குள் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி மறுபடி மண்ணுக்குள் வந்து தூங்குவான். அவனுக்கென்று இருந்தது புறாக்கள் மட்டும்தான். குன்றின் கோடியில், வீடுகளெல்லாம் முடிந்த இடத்தில், ஒரு கூண்டு கட்டி வைத்திருந்தான். வேலைக்குப் போகும் முன் அங்கே போவான், வந்ததும் போவான், படுக்கும் முன்னும் ஒரு தடவை போவான். மழையிலும் போவான்.

அராசெலி அந்தப் புறாக்களையும் விட்டுவைக்கவில்லை.

"விற்கவும் மாட்டேங்கிறான், அறுத்துச் சமைக்கவும் விடமாட்டேங்கிறான். எந்த மனுஷனாவது பொழுதுபோகாம அத்தனை தூரத்துல கொண்டுபோய்ப் புறா வளர்ப்பானா? வாசல்ல வளர்த்தா என்ன?"

"புறா எச்சம் போடுதுன்னு நீதானே கத்துவே," என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுது?"

ஒரு தடவை பின்னாலேயே போய்ப் பார்த்தாள். கூண்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றிருந்தானாம். பெண் யாரும் இல்லை. புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து, "இன்னைக்கு அவ வரலை போல" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது எலோயும் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தான். அந்தக் குளிர்காலம்தான் மழை கொட்டித் தீர்த்தது. குன்றின் மறுபக்கத்தில் சில குகைகள் உட்கார்ந்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை, ஒரு கழுதை மட்டும் போயிற்று. நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த அடுக்கு வீடுகளில் குகைக்காரர்களுக்கு இடம் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை. வீட்டை எடுத்துக்கொள்பவர்களின் குகை வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். சாவியை வாங்கிக்கொண்டு கோடை முடியும்வரை இருந்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திராட்சை அறுவடைக்கு முன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் கொத்தனார் வருவார்.

நானும் ஹினேஸும் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். எங்கள் பக்கத்து மண் உறுதி. எலோய் போய், அராசெலியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சாவி வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். அவள் போட்ட சத்தத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"ஒரு முழு வீட்டைச் சும்மா குடுக்கிறவன் எதை எடுத்துக்கப் போறான்? யோசிச்சியா? இந்தக் குன்றுக்கு அடியில ஏதோ இருக்கு. அதுக்குத்தான் நம்மளைக் கிளப்பறாங்க. உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லிக்குடுக்கலை."

"அப்புறம் எதுக்கு?"

"எனக்கு ஜன்னல் பக்கத்துல ஒரு கட்டில் வேணும்."

"ஜன்னல்ல எதைப் பாக்கப் போறே?"

"ஒண்ணும் பாக்க வேண்டாம். ஜன்னல் இருந்தா போதும்."

குகையில் படுக்கையறை எப்போதும் கோடியில்தான் இருக்கும். கோடையில் குளுகுளு, குளிரில் கதகதப்பு, ஜன்னல் மட்டும் கிடையாது. அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அராசெலி என்னைப் பார்த்து, "கேட்டியா? ஜன்னலாம்" என்றாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பதாகவே அவளுக்குத் தோன்றியது. எலோய் அடுத்த நாள் காலையில் புறாக்களைக் கூண்டோடு ஹினேஸிடம் கொடுத்துவிட்டான். தடவிக்கூடக் கொடுக்கவில்லை. பழைய செருப்பைக் கழற்றுவதுபோல விட்டுவிட்டு வந்தான். அராசெலி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவளும் போனாள். குகையில் ஹினேஸைக் காவலுக்கு வைத்து, ஹினேஸுக்கு என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுத்தான் போனாள். போன மறுநாள் காலையே அந்தக் கூத்து நடந்தது.

எங்கள் குன்றில் தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டால் அது கெட்ட சத்தம். யாரோ உங்கள் கூரை மண்மேல் நடக்கிறார்கள் என்று அர்த்தம். ஓர் ஆடு இளகின இடத்தில் குளம்பை வைத்தால் போதும், படுக்கையறை கட்டிலோடு மூடிக்கொள்ளும். அடுத்தவர் குகைமேல் விளையாடினால் எங்கள் பிள்ளைகளுக்கு முதுகு பழுத்துவிடும். அதனால் மேலே சத்தம் கேட்டால் நாங்கள் யோசிக்க மாட்டோம், வெளியே பாய்ந்துவிடுவோம். அராசெலியும் அந்த அடுக்கு வீட்டில் கண் விழித்ததும் தலைக்கு மேல் காலடி கேட்டு, இரவு உடையோடு, வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"யாருடா அது என் கூரை மேல? இறங்குடா கீழே. வீடு விழுந்துடும்."

மேல் மாடிப் பால்கனியில் ஓர் இளம் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெயர் புரா. அவள் கையில் கவ்வியோடு எட்டிப் பார்த்து, "எங்கேம்மா இறங்கறது? இது எங்க வீடு" என்றாள். எதிர்ப்பக்கத்து ஜன்னல்களெல்லாம் திறந்தன. ரயில் பிடிக்கப் போனவர்கள் நின்று சிரித்தார்கள். அராசெலி மதியத்துக்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு குன்றேறி வந்துவிட்டாள்.

"வேணும்னே நடக்கறா," என்றாள் என்னிடம். "ஆணி அடிச்ச செருப்பு போட்டுக்கிட்டு நடக்கறா. சிரிச்சாளே, அந்தச் சிரிப்பை நீ பாத்திருக்கணும்."

எலோய் அவளோடு வரவில்லை. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் அங்கே, அவள் இங்கே என்று கோடை நகர்ந்தது. மதியம் அவள் கடலைக் குழம்பைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போவாள். வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள். அவன் இறங்கி வந்து ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவான். பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஏறி வருவாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்க நெருங்க, அவனைக் கேட்பதற்கு அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "சாவி வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டால் என்ன சொல்வானோ என்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது. பயந்த அராசெலியை அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததும் அப்போதுதான்.

ஒரு நாள் மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தாள்.

"அவன் சட்டையில பிரிஞ்சி இலை வாசனை வருது."

"வந்தா?"

"நான் குழம்புல பிரிஞ்சி இலை போடறவளா? சொல்லு. யாரோ அவனுக்குச் சூப்பு வச்சுக் குடுக்கறா. நீ போய்ப் பாரு, விசி. நான் போனா ஒளிஞ்சுக்குவாங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"நீ போகலைன்னா உனக்கும் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

போனேன். அவளுக்காக இல்லை, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். மாடிப்படியில் ஏறும்போதே பிரிஞ்சி இலை வாசனை வந்தது. எலோயின் கதவு முன்னால் அந்த புரா, கையில் மூடி போட்ட பாத்திரத்தோடு நின்றிருந்தாள். இந்தப் பாழாய்ப் போனவள் முப்பது வருடமாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன்.

"நீங்க இவருக்குச் சொந்தமா?" என்று புரா கேட்டாள். "நல்லவேளை வந்தீங்க. இந்த மனுஷனுக்கு ஆள் யாரும் இல்லையான்னு எங்க வீட்டுக்காரர் தினம் கேக்கறார். ராப்பகலா இருமறார். மேல் வீட்டுல எங்களுக்குத் தூக்கம் இல்லை. தூக்கம் போனா போகுது, கேக்க முடியலைங்க. அதான் கொஞ்சம் சூப்பு."

"எலோய் இரும மாட்டானே," என்றேன். "முப்பது வருஷமா நான் அடுத்த சுவர். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்குள் உள்ளே சத்தம் ஆரம்பித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். திறந்த ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலில் எலோய் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். முடிந்ததும் துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். துணியில் செம்மண் நிறம் தெரிந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"அவகிட்ட சொல்லாதே, விசி."

"எத்தனை வருஷமா இது?"

"ரொம்ப வருஷமா."

"வீட்டுல ஒரு நாளும் கேட்டதில்லையே?"

"குகையில இருமினா கோடி அறை முழுக்க அதிரும். அதான் புறாக் கூண்டுகிட்டப் போயிடுவேன். அதுங்க போடற சத்தத்துல இதுவும் கலந்துடும்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவளுக்குத் தெரிஞ்சா சுரங்கத்து மேஸ்திரிகிட்ட சண்டைக்குப் போவா. மண்ணுல என்ன கலந்தீங்கன்னு கேப்பா. இருமறவனை அன்னைக்கே வெளியே அனுப்பிடுவாங்க" என்றான்.

"இப்போதான் வேலை இல்லையே. இப்போ சொல்லேன்."

"இப்போ சொன்னா, இந்த வீட்டுக்காக நான் நாடகம் போடறேன்னு சொல்லுவா."

அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

சொல்லாதே என்றான், சரிதான். நான் ரகசியம் காக்கிற ஜாதி இல்லை. அதுவும் இந்த ரகசியத்தைக் காத்தால் அராசெலி கேட்டுக் கேட்டு என்னைக் கொன்றுவிடுவாள். குன்றேறிய வேகத்தில், மூச்சு வாங்கிக்கொண்டே, எல்லாவற்றையும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"பொய்," என்றாள்.

"துணியைப் பாத்தேன்டி."

"அவன் சொல்லச் சொன்னான், நீ சொல்றே. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிளப்பப் பாக்கறீங்க."

"புறாவை ஏன் ஒரே நாள்ல குடுத்துட்டான்? அதுக்குப் பதில் சொல்லு. அந்த வீட்டுல ஜன்னல் இருக்கு, இருமறதுக்கு அவனுக்குப் புறா தேவைப்படலை. அதான்."

கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தாள்.

"ஒரு புறாவுக்குக்கூட அவன் பேர் வச்சதில்லை, விசி," என்றாள் மெதுவாக. "மத்தவங்கள்லாம் பேர் வைப்பாங்க. நான் அதைக்கூட கவனிச்சேன். கவனிச்சு வேற என்னத்தையோ நினைச்சேன்."

அழுதாள். மூக்கு ஒழுக, வாசலிலேயே உட்கார்ந்து, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கதவைப் பூட்டவில்லை. நான்தான் பூட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

எலோய் அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் அண்ணாந்தும் பார்க்கவில்லை.

"மாட்டேன்," என்றாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அறுவடை தொடங்கியதும் கொத்தனார் வந்தார். வாசலை அடைக்கும்போது அராசெலி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கலவையில் சிமெண்ட் குறைவு என்று ஒரு வரிசையைப் பிரித்துக் கட்டவைத்தாள். "இதுக்கு அப்புறம் இது உங்க வீடே இல்லையேம்மா" என்று கொத்தனார் சொன்னதற்கு, "அதுக்காக எவனோ வந்து பூந்துக்கறதா?" என்றாள். அவள் அப்பா குடைந்த வீடு. கடைசிச் செங்கல் வைத்ததும் எழுந்து, உள்ளங்கையால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்பாமல் இறங்கிப் போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன். எலோய் ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடந்தான். இருமல் வந்து அடங்கியதும், "ஒண்ணுமில்லை, குளிர் காத்து" என்பான். அராசெலி போர்வையைச் சரிசெய்துகொண்டே, "ஆமா, காத்து கொஞ்சம் ஜாஸ்திதான்" என்பாள். "இப்போ எவ்வளவோ பரவாயில்லை" என்பான். "அதான் முகத்திலேயே தெரியுதே" என்பாள். முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியும். மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போது புராவும் வருத்தத்தோடு தலையை ஆட்டுவாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். சுண்ணாம்புக் கட்டியைக்கூட நம்பாதவள், நம்பக் கூடாத ஒரே பேச்சை இப்படி நம்புகிறாளே என்று.

பாதாம் மரங்கள் பூக்கத் தொடங்கிய வாரம் எலோய் போய்விட்டான். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நானும் அவளும் மட்டும் அந்த அறையில் இருந்தோம். அவள் அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாயை அடக்கத் தெரியாது.

"ஊரையே சந்தேகப்பட்டவ நீ. அவன் நல்லா இருக்கேன்னு சொன்னதை மட்டும் எப்படிடி நம்பினே?"

அவள் மடித்த சட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"ஒரு நாளும் நம்பலை, விசி. நம்பலைன்னு அவனுக்குத் தெரிஞ்சா, இருமறதுக்கு மறுபடியும் வேற இடம் தேடிப் போயிடுவான்."